தண்டனைக் கவுன்சில் எதற்காக? அதன் நோக்கத்தைச் சட்டத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி இது: "இங்கிலாந்தில் தண்டனை விஷயத்தில் நீதிபதிகளுக்கு வழிகாட்ட சென்டென்சிங் கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறதே, அதன் நோக்கம்தான் என்ன? ஒரே குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனை கிடைக்கச் செய்வதா, குற்றங்களைக் குறைப்பதா, சிறைக் கூட்டத்தைக் குறைப்பதா? இந்தியாவில் அப்படி ஒன்று வந்தால் அதன் நோக்கத்தைச் சட்டத்தில் எப்படி எழுத வேண்டும்?"

நான் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன். தண்டனை என்ற கட்டம் எங்கள் தொழிலில் எவ்வளவு அவசரமாக முடிந்துபோகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த அமைப்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். தண்டனையின் நோக்கம் ஒன்று, தண்டனைக்கு வழிகாட்டும் அமைப்பின் நோக்கம் இன்னொன்று. உங்கள் கேள்வியில் இரண்டும் கலந்திருக்கின்றன. சட்டம் எழுதுகிறவர்களே இரண்டையும் கலந்துவிடுவதால் இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

வயது வந்த குற்றவாளிக்கு எதற்காகத் தண்டனை என்பதை இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் ஐந்தாக வரிசைப்படுத்தியது. செய்ததற்குத் தண்டிப்பது, அச்சம் ஏற்படுத்துவது உட்படக் குற்றத்தைக் குறைப்பது, ஆளைத் திருத்துவது, பொதுமக்களைக் காப்பது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்ய வைப்பது. இப்போது இவை 2020-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவாக இருக்கின்றன. நீதிபதி இந்த ஐந்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று சட்டம் சொல்லவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் வீடு புகுந்து திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீதிபதி திருத்துவதை முன்னால் வைத்து அவனை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவார். அடுத்த அறை நீதிபதி ஊரில் திருட்டு பெருகிவிட்டது என்று இரண்டு வருடம் உள்ளே அனுப்புவார். இருவருமே சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள். பையனின் தலையெழுத்தை நிர்ணயித்தது எந்த அறைக் கதவு திறந்தது என்பது மட்டுமே.

இந்த இடைவெளியில்தான் கவுன்சில் வருகிறது. அந்த ஐந்தில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை கிடையாது. எந்த நீதிபதியின் முன்னால் போய் நின்றாலும் அவர் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லித் தண்டனைக்கு வந்து சேரும்படி செய்வதுதான் வேலை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். அணுகுமுறை ஒன்றாக இருக்க வேண்டும். தண்டனையின் அளவு, வழக்கு எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஒத்து வந்தால் போதும்.

இந்த அமைப்பு ஒரே நாளில் முளைக்கவில்லை. முதலில் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே வழிகாட்டித் தீர்ப்புகள் கொடுத்து வந்தது. போதைப்பொருள் கடத்தலுக்கு 1982-இல் வந்த அராமா தீர்ப்பு, பாலியல் வன்புணர்வுக்கு 1986-இல் வந்த பில்லம் தீர்ப்பு இரண்டும் அங்கே எல்லா வழக்கறிஞர்களுக்கும் மனப்பாடம். ஆனால் மேல்முறையீட்டுக்கு எந்த வழக்கு வருகிறதோ அதைப் பற்றித்தானே நீதிமன்றம் பேச முடியும்? பெரிய குற்றங்கள் வந்தன, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் குவிகிற சின்ன வழக்குகள் அங்கே போய்ச் சேரவே இல்லை. அதனால் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட இன்னொரு கவுன்சில் வந்தது. இரண்டையும் கலைத்து, 2009-ஆம் ஆண்டு கரோனர்கள் மற்றும் நீதிச் சட்டத்தின் கீழ் இப்போதைய கவுன்சில் 2010 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. உறுப்பினர் 14 பேர். எட்டுப் பேர் நீதித்துறையைச் சேர்ந்தவர்கள், ஆறு பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள்: அரசுத் தரப்பு வழக்கு நடத்தியவர், எதிரித் தரப்பில் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக) வாதாடியவர், காவல்துறை, பாதிக்கப்பட்டோர் நலன், குற்றவியல் ஆய்வு, புள்ளியியல் தெரிந்தவர்கள் என்று. முதல் தலைவர் நீதிபதி பிரையன் லெவிசன்.

சரி, இந்த அமைப்பு நடைமுறையில் என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த உதாரணம் போதைப்பொருள் நெறிமுறை. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

அராமா காலத்தில் சரக்கின் மதிப்பும், பின்னாளில் எடையும் முதன்மை அளவுகோலாக இருந்தன. எவ்வளவு சரக்கோ அவ்வளவு வருடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விமான நிலையத்தில் பிடிபடுவது யார்? நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் குருவிகள். கடனிலோ மிரட்டலிலோ சிக்கி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாமல் தூக்கி வருகிறவர்கள். அவர்களில் பலர் ஏழை நாட்டுப் பெண்கள். சரக்கின் சொந்தக்காரன் விமானமே ஏறியிருக்க மாட்டான். எடையை மட்டும் பார்த்தால் குருவியும் முதலாளியும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்பார்கள்.

2012 பிப்ரவரியில் கவுன்சிலின் புதிய நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. எடையோடு இரண்டாவதாக ஒரு கேள்வியையும் அது சேர்த்தது: இந்த ஆள் அந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் இருந்தார்? தலைமைப் பாத்திரமா, முக்கியப் பாத்திரமா, சிறிய பாத்திரமா? ஐந்து கிலோ அளவு ஹெராயின் அல்லது கோகெய்ன் கடத்திய வழக்கில் தலைமைப் பாத்திரத்துக்குத் தொடக்கப் புள்ளி (நீதிபதி ஏற்றவோ இறக்கவோ தொடங்கும் அளவு) 14 ஆண்டு, முக்கியப் பாத்திரத்துக்கு 10, சிறிய பாத்திரத்துக்கு 8. ஒரு கிலோ என்றால் அதே மூன்றும் 11, 8, 6 என்று இறங்கும். யாருடையது சிறிய பாத்திரம் என்பதற்கும் அடையாளங்கள் எழுதப்பட்டன. பிறர் சொல்படி வரையறுக்கப்பட்ட ஒரு வேலையை மட்டும் செய்தது, மிரட்டலுக்கோ வற்புறுத்தலுக்கோ ஆளானது, மேலே இருப்பவர்கள் மீது எந்தச் செல்வாக்கும் இல்லாதது, நடக்கும் தொழிலின் அளவே தெரியாதது.

இதில் கவனிக்க வேண்டியது எட்டு, ஆறு என்ற எண்களைவிட அந்தக் கேள்வியைத்தான். முன்பு ஒரு குருவியின் வக்கீல் "இவள் பாவம், ஏழை" என்று இறைஞ்சத்தான் முடியும். நீதிபதிக்கு மனம் இருந்தால் கேட்பார். இப்போது, "இவர் சிறிய பாத்திரம், இந்த மூன்று அடையாளங்கள் பொருந்துகின்றன, இதோ சாட்சியம்" என்று வாதாடலாம். நீதிபதி ஏற்கவில்லை என்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டில் அந்தக் காரணத்தைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். இரக்கத்தை எதிர்பார்த்து நின்ற இடத்தில் வாதம் செய்ய ஒரு தரை கிடைத்திருக்கிறது. கவுன்சிலின் நோக்கம் என்ன என்று யாராவது என்னிடம் ஒரே வாக்கியத்தில் கேட்டால் இந்தத் தரையைத்தான் காட்டுவேன்.

வீடு புகுந்து திருடும் குற்றத்துக்கான நெறிமுறையிலும் இதே கட்டமைப்புதான். முதல் படியில் இரண்டு கேள்விகள். குற்றப்பொறுப்பு எவ்வளவு (திட்டமிட்டதா, சட்டென்று செய்ததா), விளைந்த பாதிப்பு எவ்வளவு (வீட்டில் ஆள் இருந்தார்களா, வீட்டைச் சூறையாடினார்களா). இழப்பைக் கணக்கிடும்போது சந்தை விலையை மட்டும் பார்ப்பதில்லை. இறந்துபோன தாயின் மோதிரம் கடையில் சொற்ப விலைக்குத்தான் போகும், ஆனால் பறிகொடுத்தவருக்கு அதன் மதிப்பு என்ன என்பதும் கணக்கில் வரும். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் தொடக்கப் புள்ளி 3 ஆண்டு, வரம்பு 2 முதல் 6 வரை. அதற்கு அப்புறம்தான் கடுமையாக்கும் காரணங்கள், தணிக்கும் காரணங்கள். குற்றத்தை முதல் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், அந்தக் கட்டம் தாண்டினால் கால் பங்கு, விசாரணை தொடங்கும் நாளில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கழிவு எவ்வளவு என்று 2017-இலிருந்து தனி நெறிமுறையே இருக்கிறது. எல்லாமே இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. பிடிபட்டவனின் அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே, தம்பிக்கு ஏறக்குறைய என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

"அப்படியென்றால் நீதிபதியின் கையைக் கட்டிப்போட்டதாகாதா?" என்ற கேள்வி அடுத்து வரும். இங்கிலாந்துச் சட்டம் சொல்வது இது: பொருந்தும் நெறிமுறையை நீதிமன்றம் பின்பற்றியே ஆக வேண்டும், அப்படிப் பின்பற்றுவது நீதிக்கு முரணாகும் என்று அது கருதினால் விலகலாம். 2011 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் நடந்த கலவரம் இதற்கு வந்த கடினமான சோதனை. கடைகள் எரிந்தன, கொள்ளை நடந்தது. ஃபேஸ்புக்கில் கலவரத்துக்கு அழைப்பு விடுத்த இரண்டு இளைஞர்களுக்கு நான்கு ஆண்டுகள் கொடுத்தார்கள். அவர்கள் அழைத்த இடத்தில் கலவரமே நடக்கவில்லை. திருட்டுக்கும் கட்டட உடைப்புக்கும் எழுதிய நெறிமுறைகள் கலவரச் சூழலை மனதில் வைத்து எழுதப்படவில்லை என்பதால் அவற்றைத் தாண்டிப் போகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபரில் சொன்னது. அந்த இருவரின் தண்டனையும் அப்படியே நின்றது. என் கருத்தைக் கேட்டால், விலகியது சரி, நான்கு ஆண்டு அதிகம். ஆனால் விலகியதற்கான காரணம் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு "அதிகம்" என்று வாதிட முடிவதே அதனால்தான்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சட்டம் இந்த நோக்கத்தை எப்படி எழுதியிருக்கிறது?

பலருக்கு வியப்பாக இருக்கும். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "இந்தக் கவுன்சிலின் நோக்கம் இது" என்று ஒரு பிரிவே கிடையாது. நெறிமுறை எழுதும்போது எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 120-ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. நீதிமன்றங்கள் இப்போது விதிக்கும் தண்டனைகள், தண்டனையில் சீர்மை, பாதிக்கப்பட்டவர்கள் மீது தண்டனை முடிவுகளின் தாக்கம், நீதி முறையில் மக்களின் நம்பிக்கை, ஒவ்வொரு வகைத் தண்டனைக்கும் ஆகும் செலவும் மறுபடி குற்றம் செய்வதைத் தடுப்பதில் அதன் பலனும், கண்காணிப்பில் தெரியவந்த முடிவுகள். ஆறு விஷயங்கள், வரிசை முக்கியத்துவம் இல்லை. தண்டனையின் ஐந்து நோக்கங்களை வரிசைப்படுத்தாமல் விட்டதால் வந்த சிக்கலைத் தீர்க்க ஓர் அமைப்பு. அந்த அமைப்புக்கும் வரிசை இல்லாத ஒரு பட்டியல். நல்ல காலத்தில் இது ஓடிவிடும். சண்டை வந்தால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வரியை எடுத்துக்கொண்டு நிற்பார்கள். மக்கள் நம்பிக்கை என்று அரசியல்வாதி சொல்வார், செலவும் பலனும் என்று ஆய்வாளர் சொல்வார், சீர்மை என்று நீதிபதி சொல்வார்.

நோக்கத்தில் எழுதும் ஒரு வரி மனிதர்களின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1978-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு தண்டனை ஆணையத்தை அமைத்தது. நெறிமுறை எழுதும்போது, நடப்பில் உள்ள வழக்கத்தையும் சிறை உள்ளிட்ட வசதிகளின் அளவையும் கணிசமாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த வார்த்தையை ஆணையம் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. சிறைகளில் இருக்கும் இடத்தைத் தாண்டாதபடி நெறிமுறையை எழுதியது. ஒரு குற்றத்துக்குத் தண்டனையை ஏற்ற வேண்டுமென்றால் இன்னொன்றில் குறைத்தாக வேண்டும், வீட்டுச் செலவுக்கு பட்ஜெட் போடுவதைப் போல. 1980 மே 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களில் சிறைகள் பிதுங்கிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில் மின்னசோட்டா சிறைகள் பெரும்பாலும் கொள்ளளவுக்குள் நின்றன. பிறகு 1989-இல் சட்டமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இனி பொதுமக்கள் பாதுகாப்பே முதன்மைக் கருத்து, சிறை வசதி அதற்கு அடுத்து. அமைப்பின் பெயர் மாறவில்லை, நெறிமுறையின் வடிவம் மாறவில்லை. மாறியது வரிசை மட்டும்தான். அதற்குப் பின் தண்டனைக் காலங்கள் நீண்டன, சிறைக் கைதிகளின் எண்ணிக்கை ஏறியது.

அமெரிக்க மத்திய அரசு வேறு வழியில் தடுக்கி விழுந்தது. நீதிபதி மார்வின் ஃபிராங்கல் 1970-களின் தொடக்கத்தில் எழுப்பிய குரல்தான் அங்கே விதை. ஒரு நீதிபதியின் தண்டனை அதிகாரத்துக்குச் சட்டம் எந்த அளவுகோலும் தரவில்லை, ஆணையம் ஒன்று வேண்டும் என்று நீதிபதியாக இருந்துகொண்டே அவர் வாதாடினார். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்று, ஆணையத்தின் நோக்கங்களையும் விரிவாகவே எழுதியது: உறுதியும் நியாயமும் வேண்டும், காரணமில்லாத ஏற்றத்தாழ்வு கூடாது, தேவையான இடத்தில் நெகிழ்வு வேண்டும், மனித நடத்தை பற்றிய அறிவு வளர வளர அதையும் பிரதிபலிக்க வேண்டும். வாசிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது 43 வரிசையும் 6 பத்தியும் கொண்ட ஓர் அட்டவணை, மொத்தம் 258 கட்டங்கள். நீதிபதிகள் கூட்டல் கழித்தல் போட்டுக் கட்டத்தைக் கண்டுபிடித்தால் மாதக்கணக்கு வந்துவிடும். ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்ற ஒற்றை நோக்கம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

அந்த ஏற்றத்தாழ்வு ஒழிந்ததா என்றால், போதைப்பொருள் வழக்குகளைப் பாருங்கள். 1986-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி ஐந்து கிராம் கிராக் கோகெய்னுக்கும் (புகைக்கும் கட்டி வடிவம்) ஐந்நூறு கிராம் தூள் கோகெய்னுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்து ஆண்டு. ஒன்றுக்கு நூறு. அந்த விகிதத்தை ஆணையம் தன் அட்டவணைக்குள்ளும் கொண்டுவந்தது. கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஒரே கட்டத்தில் வருகிற எல்லோருக்கும் ஒரே தண்டனை என்பது அட்டவணைப்படி நூறு சதவீதம் உண்மை. கட்டத்தைப் போட்ட விதமே கோணல் என்றால் அந்தச் சீர்மையால் யாருக்கு என்ன பயன்? ஆணையத்துக்கே இது உறுத்தியது. 1995-இல் விகிதத்தைச் சமமாக்கப் பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் நிராகரித்தது. 2010-இல்தான் அது பதினெட்டுக்கு ஒன்று என்று இறங்கியது. அந்த அட்டவணை கட்டாயமில்லை, ஆலோசனை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2005-இல், புக்கர் வழக்கில் சொன்னது.

ஸ்காட்லாந்து மட்டும் நோக்கத்தைச் சுருக்கமாக, தெளிவாக எழுதியது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள கவுன்சிலுக்கு மூன்றே இலக்குகள் கொடுத்தது. தண்டனை வழக்கத்தில் சீர்மையை வளர்ப்பது, தண்டனைக் கொள்கை உருவாக உதவுவது, இதைப் பற்றிய புரிதலை மக்களிடம் வளர்ப்பது. கவுன்சில் 2015-இல் அமைந்தது. அது எழுதும் நெறிமுறை உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். 2018-இல் வெளிவந்த முதல் நெறிமுறை எந்தக் குறிப்பிட்ட குற்றத்தையும் தொடவில்லை, தண்டனையின் கோட்பாடுகளையும் நோக்கங்களையும் பற்றி மட்டுமே பேசியது. அஸ்திவாரம் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பும் புத்தி அது. 2022 ஜனவரியில், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தண்டனை கொடுக்கும்போது மறுவாழ்வை ஒரு முதன்மைக் கருத்தாகக் கொள்ள வேண்டும் என்ற நெறிமுறை வந்தது. முன்னால் சொன்ன இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். ஐந்து நோக்கங்களில் எதை முன்னால் வைப்பது என்று இரண்டு நீதிபதிகளும் தனித்தனியாகக் குழம்ப வேண்டியதில்லை. கவுன்சில் யோசித்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, உயர் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஒரு விடை அங்கே இருக்கிறது.

நோக்கத்தை எழுதாமல் விட்டதன் விலையை இங்கிலாந்து 2025-இல் கொடுத்தது. தண்டனைக்கு முன் நன்னடத்தை அலுவலர், குற்றவாளியின் பின்னணி பற்றி நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை தருவார். அது எந்தெந்த வழக்குகளில் பொதுவாகத் தேவைப்படும் என்று கவுன்சில் ஒரு பட்டியல் எழுதியது. பெண்கள், 18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் ஆகியோரோடு, இன, மத, பண்பாட்டுச் சிறுபான்மையினரும் அதில் இருந்தார்கள். ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வர வேண்டும். சிறுபான்மையினருக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா என்று எதிர்க்கட்சி கொதித்தது. அப்போதைய சட்ட அமைச்சர் ஷபானா மஹ்மூதும் எதிர்த்தார். மார்ச் 31 அன்று கவுன்சில் அதை நிறுத்திவைத்தது. ஜூனில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டு, இனம், மதம், பண்பாடு போன்ற தனிப்பட்ட அடையாளங்களை வைத்து அத்தகைய நெறிமுறை எழுதக் கூடாது என்று தடுத்தது. செப்டம்பரில் கொண்டுவந்த மசோதாவில், இனி நெறிமுறைகளுக்குத் தலைமை நீதிபதியும் சட்ட அமைச்சரும் ஒப்புதல் தர வேண்டும் என்ற பிரிவையும் அரசு வைத்தது.

இதில் இரு பக்கமும் சொன்ன வார்த்தை சமத்துவம்தான். ஒரே மாதிரிக் குற்றத்துக்குச் சிலருக்கு அதிகத் தண்டனை விழுகிறது என்று தரவுகள் காட்டும்போது, அவர்களைப் பற்றி நீதிபதிக்குக் கூடுதல் விவரம் தருவது சமத்துவம் என்று கவுன்சில் நினைத்தது. எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்பதே சமத்துவம் என்று அரசு சொன்னது. அறிக்கை கேட்பதும் தண்டனையைக் குறைப்பதும் ஒன்றல்ல, அதை மக்களிடம் யாரும் பொறுமையாக விளக்கவில்லை. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். விவரம் தெரிந்து தண்டிக்க வேண்டும் என்ற கவுன்சிலின் அக்கறை சரியானது. ஆனால் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பட்டியலிட்டது தவறு. சிறைக்கு அனுப்பக்கூடும் என்ற நிலையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அறிக்கை வேண்டும் என்று எழுதியிருந்தால், யாரும் விடுபட்டிருக்க மாட்டார்கள், சண்டையும் வந்திருக்காது. சீர்மை என்றால் என்ன என்பதைச் சட்டமே விளக்கியிருந்தால் கவுன்சிலும் அமைச்சரும் அதே வரியை வைத்து வாதாடியிருக்கலாம்.

இப்போது இந்தியா. நம் தண்டனைச் சட்டத்தில் பெரும்பாலான பிரிவுகள் உச்சவரம்பைத்தான் சொல்கின்றன. குடியிருக்கும் வீட்டில் திருடினால் ஏழு ஆண்டு வரை. அந்த "வரை" என்ற சொல்லுக்குள் ஒரு நாளும் அடங்கும், ஏழு ஆண்டும் அடங்கும். மரண தண்டனைக்கு மட்டும் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் "அரிதினும் அரிதான வழக்கு" என்ற அளவுகோல் கிடைத்தது. தண்டனைக்கென நெறிமுறை வகுக்க ஒரு சட்டபூர்வக் குழு வேண்டும் என்று, குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த மளிமத் குழு 2003-இல் பரிந்துரைத்தது. நம் மேல் நீதிமன்றங்கள் தண்டனைக்கான வழிகாட்டு நெறிமுறை எதையும் வகுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2008-இல் பிரேம் சாகர் வழக்கில் வருந்தியது. 2024 மே மாதம், பீகாரிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், எஸ்.வி.என். பட்டி அமர்வு, முழுமையான தண்டனைக் கொள்கை ஒன்றை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது.

என் அன்றாடத்தில் இது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி எதிரியைக் கேட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 235(2)-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 258(2). கூண்டில் நிற்கிறவர் கைகூப்பிக்கொண்டு, "அம்மாவுக்கு வயசாயிடுச்சுங்க ஐயா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க" என்பார். தீர்ப்பில் அது, "எதிரி தனக்கு வயதான தாயாரும் இரு பெண் குழந்தைகளும் இருப்பதாகவும், குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்" என்று ஒரு வரியாக ஏறும். அடுத்த பத்தியில் தண்டனை வந்துவிடும். நானும் எழுந்து, முதல் குற்றம், இளம் வயது, கருணை காட்ட வேண்டும் என்று இரண்டு வாக்கியம் சொல்வேன். அதற்கு மேல் எதை வைத்து வாதாடுவது? எந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. நல்ல நீதிபதிகள் இருக்கிறார்கள், யோசித்துத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் யோசித்தது தாளில் வருவதில்லை, அதனால் மேல்முறையீட்டில் அதைச் சோதிக்கவும் வழியில்லை.

அதனால் இங்கே ஒரு கவுன்சில் அமைந்தால் நோக்கப் பிரிவை நான் இப்படித்தான் எழுதுவேன். முதலாவதும் முதன்மையானதும்: ஒத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் ஒத்த அணுகுமுறையில், காரணம் பதிவு செய்து தண்டனை விதிக்க உதவுவது. சீர்மை என்பது கேட்கப்படும் கேள்விகளின் சீர்மையைக் குறிக்கும், விதிக்கப்படும் மாதங்களின் சமத்தை மட்டும் குறிக்காது என்று அங்கேயே விளக்கம். இரண்டாவது: எந்த நீதிமன்றத்தில் எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை விதிக்கப்படுகிறது என்ற தரவைத் திரட்டி வெளியிடுவது. இங்கிலாந்து கவுன்சில் 2010 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை, பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட் நீதிபதிகள் ஒவ்வொரு தண்டனைக்கும் ஒரு படிவம் நிரப்பும்படி வைத்து இந்த வேலையைச் செய்தது. நமக்கு இதுதான் முதல் ஐந்து ஆண்டு வேலையாக இருக்க வேண்டும். இப்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் எந்தத் தொடக்கப் புள்ளியைப் போடுவது? மூன்றாவது: தண்டனை எப்படி முடிவாகிறது என்பதை அந்தந்த மாநில மொழியில் மக்களுக்கு விளக்குவது. பாதிக்கப்பட்டவர் குடும்பமும் எதிரியின் குடும்பமும் தீர்ப்பு நாளில் ஒரே வராந்தாவில்தான் நிற்கிறார்கள். ஏன் மூன்று வருடம், ஏன் ஏழு இல்லை என்று இரண்டு பக்கத்துக்கும் புரிய வேண்டும்.

குற்றத்தைக் குறைப்பது, மக்களின் கோபத்தைத் தணிப்பது, பாதுகாப்பு இவற்றையெல்லாம் கவுன்சிலின் நோக்கமாக எழுத மாட்டேன். அவை தண்டனையின் நோக்கங்கள், அவற்றைச் சட்டமன்றம் தன் பெயரில் எழுதட்டும், வரிசையையும் அதுவே சொல்லட்டும். கவுன்சில் தலையில் கட்டிவிட்டால், ஒரு கொடூரக் கொலை நடந்த வாரத்தில் எல்லா நெறிமுறையையும் ஏற்றச் சொல்லி அதன் கழுத்தைப் பிடிப்பார்கள்.

ஒன்றில் மட்டும் இன்னும் நான் முடிவுக்கு வரவில்லை. சிறைகளில் உள்ள இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற மின்னசோட்டாவின் பழைய வரியை நம் பிரிவில் சேர்க்கலாமா? நம் சிறைகளில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகள், அவர்களுக்கு இன்னும் தண்டனையே கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தைத் தண்டனை நெறிமுறையால் குறைக்க முடியாது, ஜாமீன் மூலம்தான் குறைக்க முடியும். அதைப் பார்த்தால் வரி வீண் என்று தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு தண்டனையையும் ஏற்றும்போது அதற்கு எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு இடம் வேண்டும் என்று கணக்குக் காட்டும் கடமையாவது கவுன்சிலுக்கு இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு நெறிமுறையோடும் அப்படி ஒரு மதிப்பீட்டை வெளியிடச் சட்டம் சொல்கிறது. நோக்கப் பிரிவில் வைக்காவிட்டாலும் அந்தக் கடமையைத் தனிப் பிரிவாக வைக்கலாம் என்பதுதான் இப்போதைக்கு என் எண்ணம்.